ஐஸ் வைக்காத பெட்டி

தம்பி, அந்தப் பெட்டிய மேல கேரியர்ல வைக்காதிய. வேண்டாம். மடியில வச்சுக்கிடுங்க. நான் இந்தப் பக்கம் நகந்துக்கிடுதேன், நல்லா உக்காருங்க. சன்னலோரம் நான் இருக்கேன், வெயிலு உங்க பெட்டி மேல அடிக்காது. கோவப்படாதிய. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்.

உள்ள இருக்கிறது சேப்புப் பையா, மஞ்சப் பையா? மஞ்சளா. அதான் பாத்தேன். பிளேட்லெட்டு. யாருக்கு, அம்மாவுக்கா? எந்த ஆஸ்பத்திரி? அங்கதானா. டெங்குவா? எத்தனையில இருக்கு? பதினோராயிரமா. சரி, சரி. பதறாதிய. பதினோராயிரத்துல இருந்து எழும்பி நடந்து வீட்டுக்குப் போனவங்கள நான் பாத்திருக்கேன். அதே ஆஸ்பத்திரியில, அதே வார்டுல பாத்திருக்கேன்.

இது எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியளா. சொல்லுதேன். அதுக்கு முன்னால அந்த மூடிய இப்படித் திருப்புங்க, என்னமோ தாளு ஒட்டியிருக்கு. சேப்பு மையில கொட்டை எழுத்துல. "ஐஸ் வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. மெதுவாக ஆட்டிக்கொண்டே எடுத்துச் செல்லவும்." ஆமா, ஆமா. இப்பம் நல்லா ஒட்டியிருக்காவ. எனக்குத் தரும்போது இந்தத் தாளு கெடையாது, கேட்டியளா. வெறும் வெள்ளைப் பெட்டி. இத ஒட்டி ஒரு மாசம்தான் இருக்கும். ஏன் ஒட்டுனாவன்னு கேளுங்க. என்னாலதான்.

எம் பேரு இஞ்ஞாசி. ஹார்பர்ல வந்து மீன் பெட்டி இஞ்ஞாசின்னு கேட்டா எவனும் கை காட்டுவான். இன்னைக்கு நீங்க பெட்டி வாங்குன அதே ரத்த வங்கிக்குத்தான் போயிட்டு வாரேன். விசாரணை. மூணு ஆபீசரு வந்திருந்தாவ. என் சட்டைப் பையில ஒரு தாளு இருக்கு. அதுல நான் எழுதிக் குடுக்கிற ஒரு வரியிலதான் அங்க ஒரு புள்ளைக்கு வேலை இருக்குமா போகுமாங்கிறது இருக்கு. செவ்வாக்கிழமைக்குள்ள குடுக்கணும். இன்னும் எழுதல. நான் அந்தப் புள்ளைய குறை சொல்லல. ஆனா எனக்கு ஒரு கோவம் இருக்கு. கோவம் இல்லாமலா. நடந்தத நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

முப்பத்தோரு வருசமா எனக்கு ஒரே வேலை. பெட்டி கட்டுறது. சீலா, பாறை, ஊளின்னு மீனெல்லாம் ஏலம் முடிஞ்சு எங்கிட்ட வரும். அடியில ஐஸு, மேல ஒரு அடுக்கு மீனு, அது மேல ஐஸு. ஐஸு பெருங்கட்டியா இருந்தா மீன் தோலு கிழியும். மாவா இருந்தா மதியத்துக்குள்ள தண்ணியாயிரும். மொச்சக்கொட்டை பருமனுக்கு உடைக்கணும். ஊடால கல்லுப்பு தூவணும், அப்பம் குளுமை இன்னும் கூடும். நான் கட்டுன பெட்டிய மூணாம் நாளு கொச்சியில திறந்தா மீன் கண்ணு கலங்கியிருக்காது. செவுளு நிறம் மாறியிருக்காது. அங்க உள்ள ஏஜெண்டு மூடியத் திறந்ததும் "இது இஞ்ஞாசி பெட்டி"ம்பான். அட்ரஸ் பாக்க மாட்டான்.

என் வீட்டுக்காரிக்கு அதுல ரொம்பப் பெருமை. பிலோமி. பிலோமினாள்னு பேரு, பிலோமின்னுதான் கூப்பிடுவேன். நம்ம ஊரு சந்தையில மீன் விப்பா. எவளாவது வந்து மீன அமுக்கிப் பாத்து மூஞ்சிய சுளிச்சா, "அமுக்காதட்டி, எங்க வீட்டுக்காரரு கட்டுன பெட்டி, கெடாது"ம்பா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ சொல்லுவா. எங்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டா, பாத்துக்கிடுங்க. வீட்டுல எனக்கும் அவளுக்கும் எப்பவும் வாய்ச்சண்டைதான். ஆனா சந்தையில அவ அப்படித்தான் சொல்லுவா.

போன ஐப்பசியில அவளுக்குக் காய்ச்சலு. மூணு நாளு கஷாயம் குடிச்சா, மாத்திரை போட்டா, சந்தைக்கும் போனா. நாலாம் நாளு பல்லு விளக்கும்போது ஈறுல இருந்து ரத்தம். நிக்கல. கையில பாத்தா சேப்பா புள்ளி புள்ளியா இருக்கு. ஆஸ்பத்திரியில சேத்தோம். எட்டாயிரம்னாவ. நான் என்னத்தக் கண்டேன், எட்டாயிரம்னா நெறைய இருக்குல்லா, பயப்படாதட்டின்னு அவகிட்டச் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, ஒண்ணரை லச்சம் இருக்கணும்னாவ.

மறுநாள் காலையில சீட்டு எழுதிக் குடுத்தாவ. டவுனுல போயி பிளேட்லெட்டு வாங்கிட்டு வாங்க, உடனே போங்கன்னாவ. நான் ஹார்பர்ல இருந்து நேரா வந்தவன். கைலி, பனியன், மேல ஒரு சட்டை. அப்படியே பஸ் ஏறிட்டேன்.

அந்த ரத்த வங்கி வாசல்ல ஒரே கூட்டம். காய்ச்ச சீசன்லா. எல்லாவனும் சீட்டும் கையுமா நிக்கான். அவ குரூப்புக்கு ஒரே ஒரு பைதான் இருந்துச்சு. யாரோ ஒரு காலேஜ் பையன் ஒண்ணரை மணி நேரம் மிஷினுல படுத்துக் குடுத்ததாம். இன்னும் பேப்பர் வேலை முடியல, உக்காருங்கன்னாவ. நான் உக்காரல. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

உள்ள ஒரு கண்ணாடி அலமாரி. அதுல தட்டுத் தட்டா இருக்கு. ஒவ்வொரு தட்டுலயும் மஞ்சப் பைய படுக்க வச்சிருக்காவ. தட்டு இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்கு. தொட்டில் மாதிரி. ஒரு நிமிசம் நிக்கல. நான் மொதல்ல மிஷினு கெட்டுப்போயி நடுங்குதுன்னு நினைச்சேன். பெறவு பாத்தா எல்லாத் தட்டும் ஒரே சீரா ஆடுது. ஆடட்டும். எனக்கு அது பெருசா தெரியல. அந்த அலமாரியில ஐஸு இல்ல, குளுமை இல்ல, வெளிய ஒரு பொட்டு வேர்வை இல்ல. அதுதான் எனக்கு உறுத்திச்சு. ஒரு உடம்புல இருந்து வந்தது. ரத்தத்துல ஒரு பாகம். அத இப்படி வெறுமனே போட்டு வச்சிருக்காவளேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு.

அந்தப் புள்ள பேரு வடிவரசி. இருவத்தஞ்சு வயசு இருக்கும். சின்ன உருவம். அதுதான் பை எடுத்துக் குடுக்கிறது. எனக்கு முன்னால ஒருத்தரு, வெள்ளைச் சட்டை, கையில பெரிய போன். அவருக்கு ரெண்டு சேப்புப் பை. ஃப்ரிட்ஜ் திறந்து எடுத்து, ஒரு பெட்டியில ஐஸ் பாக்கெட்டு வச்சு, அது மேல அட்டைய வச்சு, பதமா மூடி, "பாத்து எடுத்துட்டுப் போங்க சார்"னு குடுத்துச்சு. அடுத்தது நான். என்னப் பாத்துச்சு. மூக்க ஒரு தடவ தொட்டுச்சு. எம் மேல மீன் வாடை அடிக்கும், தெரியும். முப்பத்தோரு வருச வாடை, சோப்புப் போட்டா போயிருமா. அந்த மஞ்சப் பைய எடுத்துச்சு, வெறும் பெட்டியில வச்சுச்சு, மூடுச்சு, எங்கையில குடுத்துச்சு. ஐஸு இல்ல. அவருக்கு ஐஸு. எனக்கு இல்ல.

நீங்க சொல்லுங்க தம்பி, உங்களுக்குக் கோவம் வருமா வராதா.

அது ஒரு வார்த்தை சொல்லல. ஐஸ் வைக்காதிய, இது வேற, அது வேற, ஒண்ணும் சொல்லல. இல்ல, என்னமோ சொல்லிச்சு. சீக்கிரம் போயிருங்க அண்ணாச்சின்னு சொல்லிச்சு. ஆட்டிக்கிட்டே போங்கன்னும் சொல்லிச்சு, கைய இப்படி ஆட்டிக் காட்டுச்சு. நான் அங்க நிக்கேன்னா எம் மனசு அங்கேயா நிக்கி? பிலோமி ஈறுலல்லா நிக்கி. அந்தக் கூட்டத்துல, அந்தச் சத்தத்துல, ஆயிரம் சொல்லும். ஒரு பொறுப்பான ஆளுன்னா கையப் பிடிச்சு நிறுத்தி, அழுத்தமா சொல்ல வேண்டாமா. மனுசன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா, இவன் காதுல ஏறலன்னு.

வெளிய வந்தா அனலா அடிக்கி. ஐப்பசின்னு பேரு, மழையக் காணோம். பெட்டிய மூடியத் திறந்து உள்ள கைய விட்டுப் பாத்தேன். கதகதன்னு இருந்துச்சு. அந்தக் கதகதப்பு இருக்கே, அது எனக்கு எமன் மாதிரி. முப்பத்தோரு வருசமா அந்தக் கதகதப்பத்தான் நான் விரட்டிக்கிட்டு இருக்கேன். பெட்டிக்குள்ள கை விட்டு அது தெரிஞ்சுதுன்னா சோலி முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒண்ணரை மணி நேரம் பஸ்ஸு. இத இப்படியே கொண்டு போனா பிலோமிக்கு என்னத்தக் குடுப்பாவ.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நமக்குத் தெரிஞ்ச ஐஸ் கடை இருக்கு. ஓடுனேன். நானே உடைச்சேன் தம்பி. கடைக்காரன உடைக்க விடல. மொச்சக்கொட்டை பருமனுக்கு, ஒரு கட்டி பெருசு இல்லாம. அடியில ஒரு அடுக்கு. மேல என் துண்ட நாலா மடிச்சுப் போட்டேன், பை கிழிஞ்சிரக் கூடாதுல்லா. பைய வச்சேன். மேல இன்னொரு அடுக்கு. ஊடால கல்லுப்பு, அதுவும் அளவாத் தூவினேன். ஓரத்துல எல்லாம் பொடி ஐஸ விரலால நெருக்கி விட்டேன். எந்த மீனுக்கும் நான் அப்படிக் கட்டுனதில்ல. கட்டி முடிச்சு மூடி மேல கைய வச்சேன். சில்லுன்னு ஏறிச்சு. அப்பம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. பஸ்ஸுல ஏறி பெட்டிய கால் ரெண்டுக்கும் நடுவுல வச்சு, ஆடாம இடுக்கிக்கிட்டேன். ஆடாம. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் அசங்க விடல.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போயி டாக்டரம்மா மேசையில வச்சேன். சின்ன வயசுதான் அவங்களுக்கும். சிரிச்சாவ. "வாங்கிட்டு வந்துட்டீங்களா, சீக்கிரம் வந்துட்டீங்களே"ன்னாவ. மூடியத் திறந்தாவ. திறந்தது தெரியும், பெறவு அவங்க கை அப்படியே நின்னு போச்சு. ஐஸுக்குள்ள இருந்து பைய எடுத்து, துடைச்சு, சன்னல்கிட்டப் போயி வெளிச்சத்துல பிடிச்சு மெல்லச் சாய்ச்சாவ. இந்தப் பக்கம் சாய்ச்சாவ. அந்தப் பக்கம் சாய்ச்சாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. நான் பக்கத்துல போயி நானும் பாக்கேன், என்னத்தப் பாக்காவன்னு எனக்குத் தெரியல.

நல்ல பையா இருந்தா உள்ள புகை மாதிரி மினுமினுன்னு சுழிச்சு ஓடுமாம். உசிரு இருக்குன்னு அதுலதான் தெரியுமாம். இதுல ஒண்ணும் ஓடல. மஞ்சத் தண்ணி, அதுல அங்கங்க திப்பித் திப்பியா கெடக்கு. நான் மீன் கண்ணப் பாக்கிற மாதிரி அவங்க அதப் பாத்திருக்காவ. கண்ணு கலங்கிப் போன மீன எங்கிட்டக் குடுத்தா நான் என்ன செய்வேன், ஓரமாத் தள்ளிருவேன். அவங்களும் அப்படித்தான் தள்ளி வச்சாவ. குளுந்து போனா அது உடம்புக்குள்ள ஏத்துனாலும் தங்காதாம், உடம்பே அதப் பிடிச்சு அழிச்சிருமாம். சாதாரண அறைச் சூட்டுல, ஆட்டிக்கிட்டே வச்சாத்தான் அஞ்சு நாளு இருக்குமாம். இது எல்லாம் அப்பம் அவங்க சொன்னது. அப்பம் சொல்லி என்ன செய்ய.

"யாரு ஐஸ் வச்சது"ன்னு கேட்டாவ.

நான் என்ன சொன்னேன்னு நினைக்கிய. "அங்கேயே வச்சுத்தான் குடுத்தாவ"ன்னேன்.

எப்படி வந்துச்சு அந்த வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. நான் பொய் சொல்லுற ஆளு இல்ல. ஏலத்துல ஒரு கிலோ கூடக் குறைச்சுச் சொன்னதில்ல. அவங்க கேட்டாவ, வாயில வந்துச்சு. அவங்களுக்குக் கோவம்னா கோவம். அங்கேயே ரத்த வங்கிக்கு போன் போட்டு, என்ன வேலை பாக்கிறீங்க, ஐஸ்ல போட்டு அனுப்பியிருக்கீங்க, பேஷண்டுக்கு ரத்தம் நிக்காமப் போயிட்டிருக்குன்னு கத்துனாவ. நான் பக்கத்துலதான் நிக்கேன். அந்தப் புள்ள அந்தப் பக்கம் என்னமோ சொல்லுது. பெறவு டாக்டரம்மா போன எங்கிட்ட நீட்டுனாவ, உங்ககிட்டப் பேசணுமாம்னு.

"அண்ணாச்சி, ஐஸ் வைக்காதீங்கன்னு நான் சொன்னேன்ல?"

சண்டைக்கு வந்தது மாதிரி இல்ல. கேள்விதான் கேட்டுச்சு. டாக்டரம்மா எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காவ. நான், "இல்ல, நீ சொல்லல"ன்னேன்.

பெறவு, "சரி அண்ணாச்சி. நான் வேற ஆள வரச் சொல்லி எடுக்கேன். நீங்க அக்கா பக்கத்துலயே இருங்க"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு.

இருந்தேன். வேற என்ன செய்ய. மணி ஒண்ணரை அப்பம்.

அந்தப் புள்ள ரத்தம் குடுக்கக் கோவில்பட்டியில இருந்து ஒருத்தர வரவச்சிருக்கு. அவரு வந்து, சோதிச்சு, மிஷினுல படுத்து, எடுத்து முடிக்கணும்லா. அந்தப் புள்ளைக்கு ரெண்டு மணிக்கே டூட்டி முடிஞ்சிருச்சாம். போகலியாம். வேற யாருகிட்டயும் குடுத்து அனுப்பாம அதுவே பஸ் ஏறிக் கொண்டு வந்துச்சு. இந்த ரூட்டுலதான். ஆறரை மணிக்கு வார்டு வராந்தாவுல வருது. பெட்டிய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, இப்படி, இப்படி ஆட்டிக்கிட்டே வருது. அவ்வளவு தூரமும் ஆட்டிக்கிட்டே வந்திருக்கும்போல, நடையே ஒரு மாதிரியாப் போச்சு.

பிலோமி அஞ்சே முக்காலுக்குப் போயிட்டா.

நர்ஸம்மா அதுகிட்டச் சொன்னாவ. அது கேட்டுக்கிட்டு நிக்கி, கை மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்கு. அழுகல. என்னப் பாத்துச்சு. கிட்ட வந்துச்சு. என் மச்சான் கஸ்பாரு, பிலோமி கூடப் பிறந்தவன், அது மேல பாய்ஞ்சான். என்ன எல்லாமோ பேசிட்டான். பொம்பளப் புள்ளைகிட்டப் பேசக் கூடாதது எல்லாம் பேசிட்டான். அது எம் முன்னாலதானே நிக்கி, இவருதான் வச்சாருன்னு கை நீட்டியிருக்கலாம்லா. நீட்டல. "இது இன்னும் அஞ்சு நாளு இருக்கும், வேற யாருக்காவது ஆகும்"னு நர்ஸம்மாகிட்டச் சொல்லிட்டு, அந்தப் பெட்டிய ஆட்டிக்கிட்டே திரும்பிப் போச்சு. வெளிய போயி பஸ்ஸுக்கு நிக்கிறதச் சன்னல் வழியா பாத்தேன். அங்கேயும் ஆட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு.

கஸ்பாருதான் அந்தப் புள்ள மேல புகார் மனு எழுதுனான். என் கையெழுத்து கேட்டான், போட்டேன். மக திருப்பூர்ல இருந்து வந்து, "யாரு தப்புப்பா, சும்மா விடாதீங்க"ன்னு அழுதா.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு பத்து நாளாச்சு. இன்னைக்கு விசாரணை. அந்தப் புள்ளையும் வந்திருந்துச்சு, ஓரமா நின்னுச்சு. ஒரு மாசமா வேலைக்கு வர வேண்டாம்னு வச்சிருக்காவளாம். அப்பம்தான் நல்லாப் பாத்தேன், மூக்குல ஒரு சின்ன மூக்குத்தி. குத்துன இடம் இன்னும் ஆறல, லேசா வீங்கியிருக்கு. பேசும்போதெல்லாம் கை அங்க போகுது. ஆபீசரம்மா கேள்வி கேக்காவ, அது பதில் சொல்லுது, கை மூக்குக்குப் போகுது.

அதப் பாத்ததுல எனக்கு என்ன கேட்டாவன்னே விளங்கல. அந்தத் துண்டையும் கல்லுப்பையும் வச்சே ஐஸ் போட்டது நான்தான்னு கண்டுபிடிச்சிட்டாவ, அது சொல்லியும் போட்டேனா, சொல்லாமப் போட்டேனாங்கிறதுதான் பாக்கி. "இஞ்ஞாசி, உங்ககிட்ட ஐஸ் வைக்காதீங்கன்னு இவங்க சொன்னாங்களா இல்லையா"ன்னு ரெண்டாவது தடவ கேட்டாவ. ஞாபகம் இல்லம்மான்னேன். ஞாபகம் இல்லன்னு எழுத முடியாது, சொன்னாங்க இல்ல சொல்லல, ரெண்டுல ஒண்ணு எழுதி செவ்வாக்கிழமைக்குள்ள குடுங்கன்னு இந்தத் தாளக் குடுத்தாவ. வெளிய வந்தேன். வாசல்ல அது நின்னுச்சு. என்னைத் திட்டும்னு நினைச்சேன். "சாப்பிட்டியளா அண்ணாச்சி"ன்னு கேட்டுச்சு. நான் விறுவிறுன்னு ரோட்டத் தாண்டிட்டேன்.

வந்து எதிர்த்தாப்புல உள்ள டீக்கடையில உக்காந்துக்கிட்டே இருந்தேன். அப்பம்தான் நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய வந்திய. ஐஸ் கடைப் பக்கம் போறியளான்னு உங்க பின்னாலயே வந்தேன். தப்பா நினைக்காதிய. நீங்க போகல. நேரா பஸ்ஸுக்கு வந்திய. நானும் ஏறிட்டேன். நான் இறங்க வேண்டிய முக்காணி எப்பவோ போயிட்டு.

என்ன, நிறுத்திட்டான்? ஓ, ரயில்வே கேட்டு. எஞ்சினையும் அமத்திட்டான். இது திறக்கப் பத்து நிமிசம் ஆகும். தம்பி, பஸ்ஸு ஓடும்போது அதுவே ஆட்டிச்சு, இப்பம் ஆட்டம் நின்னு போச்சு. உங்க கை மரத்துப் போயிருக்கும். இங்க குடுங்க. ஒண்ணும் செய்ய மாட்டேன், மூடியத் திறக்க மாட்டேன். குடுங்க. இப்படித்தானே. இப்படி, மெதுவா. கதகதன்னு இருக்கு, கேட்டியளா. மூடி மேலயே தெரியுது. இப்படித்தான் இருக்கணுமாம்.

ஒண்ணு நான் யாருகிட்டயும் சொல்லல. டாக்டரம்மா அந்தப் பைய ஒதுக்கி வச்ச பெறவு நான் பிலோமி பக்கத்துல போயி உக்காந்தேன். அவளுக்கு நினைவு நல்லாத்தான் இருந்துச்சு. வாயில பஞ்சு வச்சிருந்தாவ, பேச்சு சரியா வரல. "வாங்கிட்டு வந்தியளா"ன்னு கேட்டா. வாங்கிட்டு வந்துட்டேன்னேன். "ஏன் இன்னும் ஏத்தல"ன்னா. இந்தா ஏத்திருவாவன்னேன். கொஞ்ச நேரம் கண்ண மூடிக் கெடந்தா. பெறவு பக்கத்துக் கட்டில்ல இருந்த ஒரு அம்மாளப் பாத்துச் சொல்லுதா, "எங்க வீட்டுக்காரரு கட்டுன பெட்டி. கெடாது"ன்னு.

அதுதான் அவ கடைசியாச் சொன்னது. எங்கிட்டக் கூட இல்ல, அந்த அம்மாகிட்ட.

தம்பி, உங்ககிட்டப் பேனா இருக்கா? என் சட்டைப் பையில கைய விட்டு அந்தத் தாள எடுங்க. கூச்சப்படாதிய, எடுங்க. என் கை ரெண்டும் இதுல இருக்கு. பெட்டி மேல வேண்டாம், உங்க முட்டு மேல வச்சு எழுதுங்க. மேல என் பேரு அவங்களே போட்டிருப்பாவ. அதுக்குக் கீழ எழுதுங்க. அந்தப் புள்ள சொல்லிச்சு. ஐஸ் வைக்காதீங்கன்னு சொல்லிச்சு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ என் கையப் பிடிச்சு நிறுத்திச் சொல்லிச்சு. ஆமா, பிடிச்சுத்தான் சொல்லிச்சு. எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. எழுதுங்க.

எழுதிட்டியளா? கையெழுத்தா? அது கீழதானே. இருக்கட்டும், போடுதேன். இன்னும் ரயில்வே கேட்டு திறக்கலல்லா. இத நிறுத்தக் கூடாது தம்பி. இப்பம் கை ஒழியல.